வரி கட்டுகிறோம், சபை எங்கே? 1776 அமெரிக்காவும் 2025 கல்முனையும்

2025 ஓகஸ்ட் 1 முதல் இலங்கைப் பொருட்களுக்கு 30 சதவீத வரி விதிக்கப்படும் என்று அமெரிக்க ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப் எமது ஜனாதிபதிக்கு அவ்வாண்டு ஜூலை 9ஆம் திகதி கடிதம் எழுதினார். ஏப்ரல் மாதம் 44 சதவீதம் என்றார், பின்னர் இடைநிறுத்தினார், ஜூலையில் 30 என்றார். ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் எமது பிள்ளைகளின் சம்பளம் வாஷிங்டனில் ஒருவர் எழுதும் கடிதத்தில் தொங்குகிறது என்ற கவலை நியாயமானதே.

இந்த வரி அமெரிக்காவுக்குள்ளேயும் வழக்கானது என்பதைப் பலர் கவனிக்கவில்லை. அந்நாட்டின் அரசியலமைப்பின்படி வரி விதிக்கும் அதிகாரம் மக்கள் தெரிவு செய்யும் காங்கிரசுக்கு உரியது. ட்ரம்ப் 1977ஆம் ஆண்டின் அவசரகால பொருளாதாரச் சட்டம் ஒன்றைக் காட்டித் தாமே வரியைத் தீர்மானித்தார். அந்தச் சட்டம் அவருக்கு அவ்வளவு அதிகாரத்தைக் கொடுக்கவில்லை என்று அந்நாட்டின் சர்வதேச வர்த்தக நீதிமன்றம் 2025 மே 28ஆம் திகதி தீர்ப்பளித்தது. வழக்கு பின்னர் மேன்முறையீட்டுக்குச் சென்றது.

2026 ஜூலை 4ஆம் திகதி அமெரிக்காவின் 250ஆவது சுதந்திர ஆண்டு நிறைவு. "வரியை யார் தீர்மானிப்பது?" என்ற கேள்வியில் பிறந்த நாடு அது. அதே கேள்வியோடு 2025இல் தன் சொந்த நீதிமன்றத்தில் நின்றது. எமது பிள்ளைகள் தரம் 11 வரலாற்றுப் பாடத்தில் இந்தப் போராட்டத்தைப் படிக்கிறார்கள். ஆண்டுகளை மனனம் செய்து பரீட்சை எழுதிவிட்டு மறந்தும் விடுகிறார்கள். ஆனால் அம்பாறைக் கரையோரத்தில் வாழும் எமக்கு அந்த வரலாற்றில் இன்று எடுத்துப் பேசவேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது.

தேயிலை மலிந்தபோது ஏன் கோபம்?

1763இல் பிரான்சுடன் நடந்த ஏழாண்டுப் போர் முடிந்தபோது பிரித்தானியா பெரும் கடனில் இருந்தது. அமெரிக்கக் குடியேற்றங்களைப் பாதுகாக்கும் படைக்கான செலவில் ஒரு பகுதியை அங்குள்ள மக்களிடமே அறவிட வேண்டும் என்று லண்டன் தீர்மானித்தது. 1765இல் முத்திரைச் சட்டம் வந்தது. காணி உறுதி, நீதிமன்றப் பத்திரம், பத்திரிகை, விளையாட்டுச் சீட்டு என்று எல்லாவற்றுக்கும் முத்திரை வரி. எதிர்ப்புக் கிளம்பியதும் 1766இல் அதைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் அன்றே இன்னொரு சட்டத்தையும் நிறைவேற்றினார்கள். குடியேற்றங்களை எந்த விடயத்திலும் கட்டுப்படுத்தும் அதிகாரம் பிரித்தானியப் பாராளுமன்றத்துக்கு உண்டு என்று அது சொன்னது. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அதிகாரத்தைக் கையிலேயே வைத்துக்கொண்ட கதை இது.

1767இல் கண்ணாடி, ஈயம், வர்ணம், கடதாசி, தேயிலை ஆகியவற்றுக்கு வரி வந்தது. 1770 மார்ச் 5ஆம் திகதி பொஸ்டன் நகரில் படையினர் சுட்டதில் ஐவர் உயிரிழந்தனர். அவர்களில் ஒருவர் ஆபிரிக்க, பூர்வகுடி வம்சாவளியைச் சேர்ந்த கிறிஸ்பஸ் அட்டக்ஸ். அதன் பின் தேயிலை வரியைத் தவிர ஏனையவை நீக்கப்பட்டன.

அடுத்து நடந்ததைத்தான் பாடநூல்கள் விரைவாகக் கடந்து போகின்றன. 1773இன் தேயிலைச் சட்டம் தேயிலை விலையைக் கூட்டவில்லை, குறைத்தது. கிழக்கிந்தியக் கம்பனி இடைத்தரகர் இல்லாமல் நேரடியாகத் தேயிலையை அனுப்ப அனுமதி கிடைத்ததால், கடத்தல் தேயிலையை விடவும் மலிவாக அது வந்து இறங்கியது. இறாத்தலுக்கு மூன்று பென்ஸ் என்ற பழைய வரி மட்டும் அப்படியே இருந்தது. அந்த மலிவான தேயிலையைத்தான் 1773 டிசம்பர் 16ஆம் திகதி இரவு பொஸ்டன் மக்கள் 342 பெட்டிகளாகக் கடலில் கொட்டினார்கள்.

மலிவாகக் கிடைத்த பொருளை ஏன் கொட்ட வேண்டும்? விலை குறைந்தது என்று வாங்கிக் குடித்துவிட்டால், தம்மிடம் கேட்காமல் தம்மீது வரி போடும் உரிமையையும் சேர்த்து விழுங்கியதாகிவிடும் என்று அவர்கள் கருதினார்கள். தொகை எவ்வளவு என்பதை விட, தீர்மானித்தது யார் என்பதே அவர்களுக்குப் பெரிதாக இருந்தது.

சபையில் கை வைத்தபோது

தேயிலையைக் கொட்டியதற்கு லண்டன் கொடுத்த தண்டனை 1774இல் வந்தது. பொஸ்டன் துறைமுகம் மூடப்பட்டது. அதைவிட ஆழமாகக் காயப்படுத்தியது மாசசூசெட்ஸ் ஆட்சிச் சட்டம். அதுவரை அங்கு ஆளுநரின் ஆலோசனைச் சபை மக்கள் பிரதிநிதிகளால் தெரிவு செய்யப்பட்டது. புதிய சட்டம் அந்தச் சபையை மன்னரின் நியமனமாக்கியது. ஊர் மக்கள் கூடித் தமது விடயங்களைப் பேசும் ஊர்க்கூட்டங்களும் ஆளுநரின் அனுமதியின்றி ஆண்டுக்கு ஒன்றுக்கு மேல் நடத்தக்கூடாது என்றாயிற்று.

வரிக்காக முணுமுணுத்துக் கொண்டிருந்த கிராமங்கள் கூட இதன் பின்னர்தான் எழுந்தன. பொஸ்டனின் வியாபாரிகளுக்கும் வழக்கறிஞர்களுக்கும் இருந்த கோபம், தேயிலையே வாங்க வசதியில்லாத விவசாயிக்கும் வந்தது. தெரு, பாலம், பள்ளிக்கூடம், ஏழைகளுக்கான நிவாரணம் எல்லாவற்றையும் அவன் பேசித் தீர்த்த இடம் அந்த ஊர்க்கூட்டம்தான். 1775 ஏப்ரல் 19ஆம் திகதி லெக்சிங்டனிலும் கொன்கோர்டிலும் முதல் வெடி தீர்ந்தது. 1776 ஜூலை 4இல் சுதந்திரப் பிரகடனம், 1783இல் பாரிஸ் உடன்படிக்கை.

வரி தீப்பொறி என்றால், உள்ளூர்ச் சபை பறிக்கப்பட்டதுதான் வைக்கோல் போர். இந்த வரலாற்றில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுவே.

அதே கம்பனி, எமது கரை

இந்தப் போர் எமது கிழக்குக் கடலையும் விட்டுவைக்கவில்லை. அமெரிக்கர்களோடு வியாபாரம் செய்த ஒல்லாந்தர் மீது 1780 டிசம்பரில் பிரித்தானியா போர் தொடுத்தது. அதன் விளைவாக 1782 ஜனவரியில் ஒல்லாந்தரின் திருகோணமலையை ஆங்கிலேயர் பிடித்தனர். அமெரிக்கர்களின் நண்பர்களான பிரெஞ்சுக்காரர் அதே ஆண்டு ஓகஸ்டில் அதைத் தட்டிப் பறித்தனர். பிரெஞ்சுக்காரரோடு சேர்ந்து தென்னிந்தியாவில் ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற மைசூரின் ஹைதர் அலியின் பெயர் அன்று அமெரிக்கா வரை பரவியிருந்தது. 1782இல் பென்சில்வேனியாவின் போர்க்கப்பல் ஒன்றுக்கு அவருடைய பெயரையே சூட்டினார்கள்.

பொஸ்டனில் தேயிலையை இறக்கிய அதே கிழக்கிந்தியக் கம்பனிதான் 1796இல் எமது கரையோரங்களையும் கைப்பற்றியது. வந்தவுடன் சென்னையிலிருந்து வரி அதிகாரிகளை இறக்கி, தென்னை மரங்களுக்கு வரி போட்டது. 1797இல் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 1802இல் கரையோரம் முழுமையாகப் பிரித்தானிய முடியின் கைக்குப் போனது. 1848இல் ஆளுநர் டொரிங்டன் துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வண்டிக்கும் வரி போட்டார். ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய், அல்லது பணம் கட்டு என்றார். மாத்தளையில் கிளர்ச்சி வெடித்தது. புரன் அப்பு ஓகஸ்ட் 8ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். 1850இல் டொரிங்டன் திருப்பி அழைக்கப்பட்டார். சில வரிகளும் கைவிடப்பட்டன. ஆனால் மக்கள் தாமே தெரிவு செய்யும் சபை அன்று வரவில்லை. வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை கிடைக்க 1931 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த வாக்குரிமையை இன்று நாம் எவ்வளவு பெறுமதியாகப் பாதுகாக்கிறோம்?

கல்முனையும் கிழக்கு மாகாணமும்

2018 பெப்ரவரியில் தெரிவான உள்ளூராட்சி சபைகளின் காலம், ஓராண்டு நீடிப்புக்குப் பிறகு 2023 மார்ச் மாதம் முடிந்தது. அந்த ஆண்டு நடக்கவேண்டிய தேர்தலுக்குப் பணம் இல்லை என்றது அன்றைய அரசாங்கம். அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. கடைசியில் 2025 மே 6ஆம் திகதி நாடெங்கும் வாக்களிப்பு நடந்தது. நாவிதன்வெளி பிரதேச சபைக்கும் நடந்தது. கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து அந்தப் பக்கம் போனால், கல்முனை மாநகர சபைக்கு மட்டும் நடக்கவில்லை.

காரணம் எல்லோருக்கும் தெரியும். 1987க்கு முன் கல்முனைப் பட்டின சபை, கரைவாகு வடக்கு, தெற்கு, மேற்கு என்று நான்காக இருந்த சபைகள் ஒன்றாக்கப்பட்டன. 2001இல் அது மாநகர சபையானது. கரைவாகு தெற்காக இருந்த சாய்ந்தமருது தனக்கென ஒரு நகர சபையைப் பல ஆண்டுகளாகக் கேட்கிறது. 2020 பெப்ரவரியில் அதற்கு வர்த்தமானி வந்து, சில நாட்களிலேயே இடைநிறுத்தப்பட்டது. அதைச் சுற்றிய வழக்கின் இடைக்கால உத்தரவு காரணமாகவே தேர்தல் இல்லை. வழக்கின் நியாயத்தைச் சொல்லவேண்டியது நீதிமன்றம். அதில் இக்கட்டுரை தலையிடவில்லை.

ஆனால் விளைவைப் பேசலாம். பெரியநீலாவணையிலிருந்து சாய்ந்தமருது வரை ஒவ்வொரு வீடும் சோலை வரி கட்டுகிறது. கடைக்காரர் வியாபார அனுமதிப் பத்திரத்துக்குக் கட்டுகிறார். சந்தையில் கடை வைத்திருப்பவர் வாடகை கட்டுகிறார். இந்தப் பணத்தில் எந்த வடிகானை முதலில் திருத்துவது, குப்பையை எங்கே கொட்டுவது, எந்த வீதிக்கு விளக்குப் போடுவது என்பதைத் தீர்மானிக்க, மக்கள் தெரிவு செய்த ஒருவர் கூட இல்லை. ஆணையாளரும் ஊழியர்களும் நிர்வாகத்தை நடத்துகிறார்கள். அவர்கள் மீது எமக்குக் குறை இல்லை. அவர்களை நியமித்தது நாம் அல்ல, கேள்வி கேட்டு மாற்றவும் எம்மால் முடியாது என்பதே பிரச்சினை.

மாகாண மட்டத்தில் நிலைமை இதைவிட மோசம். கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2012 செப்டம்பர் 8ஆம் திகதி. சபையின் காலம் 2017 செப்டம்பரில் முடிந்தது. அதே ஆண்டு தேர்தல் முறையை மாற்றிச் சட்டம் கொண்டுவந்தார்கள். 2018இல் எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் தோற்கடித்தது. அன்றிலிருந்து தேர்தல் இல்லை. 2012இல் முதலாம் தரத்தில் சேர்ந்த பிள்ளை இன்று வாக்காளர். மாகாண சபை என்றால் என்ன என்று உயர்தர மாணவர்களுக்கு விளக்குவது, அழிந்துபோன ஓர் இராச்சியத்தைப் பற்றி விளக்குவது போலிருக்கிறது. மாகாணப் பாடசாலைகளும் வைத்தியசாலைகளும் மாகாண வீதிகளும் 2017 முதல் ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரின் கீழ் இயங்குகின்றன. தெரிவான சபையை ஒதுக்கிவிட்டு, நியமிக்கப்பட்ட ஆளுநரை மட்டும் வைத்து ஆளும் இந்த ஏற்பாட்டை 1774இன் மாசசூசெட்ஸ் விவசாயி பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்வார்.

"நாங்கள் இருக்கிறோமே" என்ற பதில்

இதற்கு ஒரு பதில் சொல்லப்படுகிறது: "ஜனாதிபதியை நீங்கள்தானே தெரிவு செய்தீர்கள், பாராளுமன்ற உறுப்பினர்களும் இருக்கிறார்கள், பிறகென்ன?" அமெரிக்கர்களுக்கும் இப்படித்தான் சொன்னார்கள். மான்செஸ்டர், பேர்மிங்ஹாம் போன்ற ஊர்களுக்கும் பாராளுமன்றத்தில் உறுப்பினர் இல்லை, ஆனாலும் எல்லா உறுப்பினர்களும் எல்லோருக்காகவும் பேசுகிறார்கள், எனவே நீங்களும் மறைமுகமாகப் பிரதிநிதித்துவம் பெற்றவர்களே என்று தோமஸ் வேட்லி என்ற பிரித்தானிய அரசியல்வாதி 1765இல் வாதிட்டார். மேரிலாந்தின் வழக்கறிஞர் டேனியல் டியூலனி அதே ஆண்டு அதை மறுத்து எழுதினார். இங்கிலாந்தில் வாக்குள்ளவரும் வாக்கில்லாதவரும் ஒரே வரியைக் கட்டுகிறார்கள், அதனால் ஒருவருக்கு வலித்தால் மற்றவருக்கும் வலிக்கும். அமெரிக்கர் மீது போடும் வரியோ லண்டன் உறுப்பினருக்கு வலிக்காது, உண்மையில் அவருடைய சுமை குறையும் என்பதே அவருடைய வாதத்தின் சாரம்.

இலங்கை முஸ்லிம்களுக்கு இந்த மறைமுகப் பிரதிநிதித்துவம் புதியதல்ல. சட்ட நிரூபண சபையில் தமிழ் பேசும் மக்களுக்கான உறுப்பினராக இருந்த பொன்னம்பலம் இராமநாதன், 1888இல் சோனகர்கள் இனத்தால் தமிழரே என்று வாதிட்டு ஆய்வுரை வாசித்தார். அப்படியானால் தனி உறுப்பினர் தேவையில்லை என்றாகும். 1889இல் எம்.சி. அப்துல் ரஹ்மான் முதலாவது முஸ்லிம் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் இராமநாதனுக்கு விரிவான மறுப்பை வெளியிட்டார். "உங்களுக்காக நாங்கள் பேசுகிறோம்" என்பதை எமது மூத்தோர் ஏற்கவில்லை. அந்த வரலாற்றைப் பெருமையாகச் சொல்லும் நாம், சபையே இல்லாமல் இருப்பதை ஏன் பழகிக்கொண்டோம்?

விடுபட்டவர்கள்

அமெரிக்காவின் கதையில் மறைக்கக்கூடாத இன்னொரு பக்கமும் உண்டு. எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று பிரகடனம் சொன்னபோது, அந்தக் குடியேற்றங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அடிமை. பிரகடனத்தை எழுதிய தோமஸ் ஜெபர்சனே நூற்றுக்கணக்கான அடிமைகளை வைத்திருந்தார். மேற்கு ஆபிரிக்காவிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள். சுதந்திரம் பெற்ற அந்த நாட்டுக்கு 1807இல் கொண்டுவரப்பட்ட உமர் இப்னு சயீத் என்ற ஆலிம் 1831இல் தன் வரலாற்றை அரபு மொழியில் எழுதினார். அடிமையாகவே இறந்தார். அடிமை முறை 1865இல் ஒழிந்தது. பெண்களின் வாக்குரிமை நாடு முழுவதற்கும் 1920இல் வந்தது. பூர்வகுடிகள் அனைவருக்கும் குடியுரிமை 1924இல் கிடைத்தது. இன்றும் தலைநகர் வாஷிங்டன் டி.சி. மக்கள் வரி கட்டுகிறார்கள், ஆனால் காங்கிரசில் அவர்களுக்கு வாக்களிக்கும் உறுப்பினர் இல்லை. அந்த முறைப்பாட்டைத் தமது வாகன இலக்கத் தகடுகளிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

தனக்கு உரிமை கேட்பவர் அடுத்தவரின் உரிமையை மறந்துவிடுவது எவ்வளவு எளிது என்பதை இது காட்டுகிறது. கல்முனையில் இந்த ஆபத்து எமக்கும் இருக்கிறது. சாய்ந்தமருது மக்கள் சபை கேட்டால் கல்முனைக்குடி பயப்படுகிறது. பாண்டிருப்பிலும் சேனைக்குடியிருப்பிலும் உள்ள தமிழ் மக்கள் தமது நிர்வாகத்தைப் பற்றிப் பேசினால் நாம் எல்லோரும் சேர்ந்து பயப்படுகிறோம். எமது கோரிக்கையை உரிமை என்றும், அடுத்தவர் கோரிக்கையைச் சதி என்றும் அழைக்கும் பழக்கம் மூன்று தரப்பிடமும் இருக்கிறது. சபை இல்லாமல் போனதில் மூன்று தரப்புக்கும் நட்டம்தான். வாய்ச்சண்டை போட்டாவது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேச, மூவருக்கும் பொதுவாக இருந்த மேசை அது.

நாவிதன்வெளியில் தமிழரும் முஸ்லிமும் ஒரே பிரதேச சபையில் உட்காருகிறார்கள். அங்கும் மனக்கசப்புகள் உண்டு, எல்லைப் பேச்சுகள் உண்டு. ஆனால் வீதி உடைந்தால் வீட்டுப் படலையில் போய்க் கேட்க ஓர் உறுப்பினர் இருக்கிறார். அடுத்த தேர்தலில் அவரை வீட்டுக்கு அனுப்பவும் முடியும்.

செய்யவேண்டியது

முதலாவது, கல்முனை வழக்கில் சம்பந்தப்பட்ட தரப்புகள் நீதிமன்றத்துக்கு வெளியே பேச முன்வர வேண்டும். பள்ளிவாசல் நிருவாகங்களும் கோயில் பரிபாலன சபைகளும் வர்த்தக சங்கங்களும் ஒரே மேசையில் அமர்ந்து, எல்லைகள் பற்றி இணக்கம் காண முயல வேண்டும். மஷூரா எமது மார்க்கம் கற்றுத்தந்த முறை. அதை எமக்குள் மட்டும் வைத்துக்கொள்ளாமல் அயலவரோடும் செய்யலாம். இணக்கம் தாமதித்தால், எல்லைப் பிரச்சினையின் முடிவைப் பாதிக்காமல் இப்போதுள்ள எல்லையிலேயே தேர்தலை நடத்தச் சட்ட வழி உண்டா என்று எமது சட்டத்தரணிகள் ஆராய வேண்டும்.

இரண்டாவது, சபை வரும்வரை மாநகர சபையின் வரவு செலவுக் கணக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். வட்டாரம் வட்டாரமாக மக்கள் கூட்டம் நடத்தி, எந்த வேலை முதலில் என்று கேட்க வேண்டும். தகவலறியும் உரிமைச் சட்டம் 2016இலேயே வந்துவிட்டது. ஒரு விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்க எமது படித்த இளைஞர்களால் முடியும்.

மூன்றாவது, மாகாண சபைத் தேர்தல். எல்லை நிர்ணயத்தைக் காரணம் காட்டிப் பல வருடங்கள் கடத்தியாயிற்று. பழைய விகிதாசார முறையிலேனும் நடத்தப் பாராளுமன்றத்தில் ஒரு திருத்தம் போதும். அதற்குத் தேவையான பெரும்பான்மை இன்றைய அரசாங்கத்திடம் இருக்கிறது. எமது மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்கள், ஆளும் தரப்பும் எதிர்த்தரப்பும், இந்தக் கேள்வியை எத்தனை தடவை எழுப்பினார்கள் என்று வாக்காளர்கள் கணக்கு வைத்திருக்க வேண்டும்.

குப்பை அள்ளப்படுகிறது, விளக்கு எரிகிறது, பிறகு சபை எதற்கு என்று கேட்பவர்கள் கல்முனையில் இருக்கிறார்கள். உறுப்பினர்களின் சண்டையும் செலவும் மிச்சம் என்றுகூட சிலர் சொல்கிறார்கள். பொஸ்டனிலும் தேயிலை மலிவாகத்தான் கிடைத்தது. அதை வாங்கினால் எதை விற்கிறோம் என்று அந்த மக்கள் யோசித்தார்கள். அடுத்த சோலை வரிப் பற்றுச்சீட்டு கைக்கு வரும்போது, அந்தப் பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று தீர்மானித்தவர் யார் என்று கேட்போம். பதில் கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.